சாவித்திரி இரண்டு முறை நடித்தார், டப்பிங் அல்ல
நடிகை சாவித்திரி பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அவருடைய இருமொழிப் படங்களை ஒரு மொழியில் எடுத்து மற்றதற்கு டப்பிங் செய்தார்கள் என்று சொல்வது 'மிஸ்ஸியம்மா'வுக்குப் பொருந்தவே பொருந்தாது. எல்.வி.பிரசாத் இயக்கி 1955-இல் வந்த அந்தப் படத்தைத் தெலுங்கில் 'மிஸ்ஸம்மா' என்று சேர்த்தே எடுத்தார்கள். தமிழில் ஜோடி ஜெமினி கணேசன், தெலுங்கில் என்.டி.ராமராவ், நாகேஸ்வர ராவ் செய்த துப்பறியும் வேடம் தமிழில் தங்கவேலுவுக்கு. எதிரே நிற்கும் ஆளே மாறும்போது டப்பிங்குக்கு இடமேது? 1957-இன் 'மாயா பஜார்' படத்திலும் அபிமன்யுவாக நடித்தவர் மொழிக்கு மொழி மாறினார், சாவித்திரி மாறவில்லை. இப்படி ஒரே காட்சியை இரு மொழியிலும் நடிப்பதில் உள்ள உழைப்பைத்தான் கட்டுரை தவறவிட்டுவிட்டது. ப, ம வரும் இடத்தில் உதடு மூடாவிட்டால் குளோஸ்-அப் காட்டிக்கொடுத்துவிடும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைவிடச் சிக்கல் வசனத்தின் நீளம்: ஒரு மொழியில் வாக்கியம் சீக்கிரம் முடிந்தால் நடந்துவந்து நிற்கும் இடம் தவறும், ஃபோகஸ் போகும், எதிராளி திரும்பும் நேரமும் பிசகும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் அசைவை மறுபடி அளந்து நடிக்க வேண்டும், அதுவும் முந்தைய டேக்கின் கோபம் குறையாமல். சாவித்திரி விஜயவாடா நாடக மேடையில் தொடங்கியவர் என்பதையும் ஒரே வரியில் கடந்திருக்கிறார்கள், வெட்டில்லாமல் நீள வசனம் பேசிய அந்தப் பழக்கத்தைப் பற்றி இன்னும் எழுதியிருக்க வேண்டும்.