வேலையாட்கள் தங்கும் இடம் என்பதே குறையா?

தொழிற்பேட்டைப் பக்கம் உள்ள மலிவு விடுதிகளில் பாதுகாப்பில்லை, ஆகவே தவிர்த்துவிடுங்கள் என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே தங்குபவர்கள் யார்? இயந்திரம் பொருத்த வரும் டெக்னீஷியன்கள், லாரி ஓட்டுநர்கள், ஒப்பந்த வேலைக்கு வந்தவர்கள். விடிவதற்குள் எழுந்து வேலைக்குப் போக வேண்டியவர்கள் இரவில் கலாட்டா செய்வதில்லை, தூங்கத்தான் பார்க்கிறார்கள். சட்டையில் கிரீஸ் கறை இருப்பதை வைத்து ஒருவரைச் சந்தேகிப்பது பெரிய அநியாயம்.

உண்மையான தொல்லை சத்தம்தான். இரவில் வெளிப்புற ஓசை 40 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் ஐரோப்பாவுக்காக 2009-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. கனரக வண்டிகள் ஓடும் சாலையை ஒட்டிய அறையில் அதெல்லாம் நடக்காது. அதிலும் லாரி பின்னோக்கி வரும்போது அடிக்கும் அந்த பீப் சத்தம் மூடிய ஜன்னலையும் தாண்டி வரும். அதனால் முன்பதிவின்போதே பின்பக்க அறை கேளுங்கள். மாடி உயரமாக இருந்தால் இன்னும் நல்லது. அப்புறம், இரவு ஷிப்ட் முடித்தவர்கள் பகலில் தூங்குவார்கள், நடைபாதையில் உரக்கப் பேசாதீர்கள்.

வார நாட்களில் இடம் கிடைப்பது கஷ்டம். ஆலைகளுக்கு விடுமுறை வந்தால் பல விடுதிகள் காலியாகிவிடும், அப்போது வாடகையைக் குறைத்துக் கேட்கலாம். கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதலிலேயே விசாரித்துவிடுங்கள். தீ விபத்துக்கான அவசர வழி பூட்டாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள், பூட்டியிருந்தால் அங்கே தங்கவே வேண்டாம்.