கப்பலைத் தூக்கியதோடு செலவு முடியவில்லை

இங்கிலாந்தில் மேரி ரோஸ் என்ற பழைய போர்க்கப்பலை வைத்திருக்கும் அருங்காட்சியகம் ஏன் இன்னும் நன்கொடை கேட்கிறது என்று ஒருவர் கேட்கிறார். 1545இல் மூழ்கிய அந்தப் போர்க்கப்பலை 1982இல் தூக்கிய பிறகுதான் நிஜமான செலவே ஆரம்பித்தது. மரம் காயாமலிருக்க 1994 வரை குளிர்ந்த நன்னீர்த் தெளிப்பு. அப்புறம் 2013 வரை, மரத்துக்குள் நீரின் இடத்தைப் பிடித்து அதைத் தாங்கும் பாலிஎத்திலீன் கிளைகால் என்ற வேதிப்பொருளைத் தெளித்தார்கள். முதலில் மரத்துக்குள் ஊடுருவும் மெல்லிய ரகம், அடுத்து மேற்பரப்பை இறுக்கும் மெழுகு ரகம். இதெல்லாம் இல்லாமல் காயவிட்டால் மரம் சுருங்கி வெடித்திருக்கும்.

காய்ந்த பின்னும் தொல்லைதான். கடலடியில் மரம் உறிஞ்சிய கந்தகம், துருப்பிடித்த ஆணிகளின் இரும்பு, இரண்டும் காற்றுப் பட்டால் கந்தக அமிலம். ஈரப்பதம் ஏறினால் இன்னும் மோசம். அதனால் ஏசியை நிறுத்தவே முடியாது. கட்டடத்துக்கு பிரிட்டனின் தேசிய லாட்டரி நிதி கிடைத்தது, சரி. கரண்ட் பில்லுக்குத் தன் பெயரில் கல்வெட்டு வைத்து யார் பணம் தருவார்? கொடுப்பவர்கள் குறிப்பிட்ட வேலைக்கென்று கட்டிப்போடாமல் பொதுச் செலவுக்கே கொடுங்கள். பிரிட்டனில் வருமான வரி கட்டுபவர் நன்கொடைப் படிவத்தில் கிஃப்ட் எய்ட் (நன்கொடைக்கான வரிச்சலுகைத் திட்டம்) கட்டத்தில் டிக் அடித்தால், 100 பவுண்டுக்கு இன்னொரு 25 பவுண்டை அருங்காட்சியகத்தின் அறக்கட்டளை அரசிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம்.