ஐந்து வருடமாகக் கிடந்த ஏழு தடிகள்

வீட்டுக்குப் பின்னால் ஏழு தடிகள் ஐந்து வருடமாகக் கிடந்தன. நான்கு வாகை, மூன்று மா. அப்பா இருந்தபோது வெட்டியது. "நல்ல மரம்டா, ஒருநாள் இதில் மேசை பண்ணலாம்" என்றார், நானும் தலையாட்டினேன், அந்த ஒருநாள் வரவே இல்லை. வீட்டுக்கு வந்து போகிற எல்லோரிடமும் அந்தத் தடிகளைப் பற்றி ஒரு யோசனை இருந்தது. பிளந்து விறகாக்கு என்பார் ஒருவர். ஐயோ, வைரம் பாய்ந்த மரத்தையா எரிப்பாய் என்பார் அடுத்தவர். காளான் வளர்க்கலாமே, பெஞ்சு போடலாமே, அப்படியே விட்டால் இன்னும் நன்றாகக் காயுமே. போன மாதம்தான் ஒருவழியாக உட்கார்ந்து ஒவ்வொரு தடியாகப் பார்த்து முடிவு பண்ணினேன். கற்றுக்கொண்டது கொஞ்சம், எரிச்சல் கொஞ்சம், இரண்டையும் கொட்டிவிடுகிறேன்.

எரிச்சலை முதலில் சொல்கிறேன். பழைய தடி என்றால் நன்றாகக் காய்ந்திருக்கும், உடனே பலகை அறுக்கலாம் என்று ஏன் இத்தனை பேர் நம்புகிறார்கள்? பட்டையோடு மண்ணில் கிடக்கிற தடி காய்வதே இல்லை. மேலே பட்டை ஈரத்தை அடைத்து வைத்திருக்கிறது, கீழே மண்ணிலிருந்து ஈரம் ஏறிக்கொண்டே இருக்கிறது. ஒழுங்காகக் காய்வது வெட்டிய இரண்டு முனைகள் மட்டும்தான், ஏனென்றால் மரத்துக்குள் நீர் ஏறிய குழாய்கள் எல்லாம் அங்கேதான் வாய் திறந்து நிற்கின்றன. பக்கவாட்டில் போவதைவிடப் பல மடங்கு வேகமாக அந்த வழியாக ஈரம் போய்விடும். முனை சுருங்கும், உள்ளே இருக்கிற மரம் சுருங்காது, இழுபறியில் முனை வெடிக்கும். வெட்டிய அன்றைக்கே இரண்டு முனையிலும் மெழுகோ, மிச்சமிருந்த பெயின்டோ கெட்டியாகப் பூசியிருந்தால் இதில் பெரும்பகுதி தப்பியிருக்கும். பத்து நிமிட வேலை. நாங்கள் செய்யவில்லை. வாகையில் ஒவ்வொரு முனையிலிருந்தும் ஒன்றரை அடிக்கு வெடிப்பு உள்ளே போயிருந்தது.

பெயின்ட் பூசினாலும் முழுசாகத் தப்பாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பச்சை மரத்தில் இரண்டு விதமாக நீர் இருக்கிறது: செல்லின் குழிக்குள் தேங்கி நிற்பது ஒன்று, செல் சுவரிலேயே ஊறியிருப்பது இன்னொன்று. குழியில் இருப்பது போகிறவரை மரம் சுருங்காது. காய்ந்த எடையில் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே ஈரம் இறங்கும்போதுதான் சுவர் காய ஆரம்பித்து மரம் சுருங்குகிறது. அதுவும் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இல்லை. வளையத்தை ஒட்டிய திசையில் சுருங்குவது, நடுவிலிருந்து பட்டைப் பக்கமாகச் சுருங்குவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. உருண்டைத் தடிக்கு இந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்? சுற்றளவு அதிகமாகச் சுருங்கப் பார்க்கும், உள்ளே இருக்கிற மரம் விடாது, கடைசியில் எங்கேயாவது கிழிந்துதான் ஆக வேண்டும். நடுவோடு இரண்டாகப் பிளந்து வைத்தால் அந்த இழுப்பு பெருமளவு தளர்ந்துவிடும். ஆக, நல்ல மரம் என்று பத்திரமாக முழுத் தடியாகவே வைத்திருந்தோமே, அதுதான் அதைக் கெடுத்தது.

சரி, இருக்கிறதைப் பார்ப்போம் என்று ஒரு கத்தியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போனேன். கத்தி முனையைக் குத்திப் பார்த்தால் நல்ல மரம் எதிர்க்கும், கெட்டது பஞ்சு மாதிரி வாங்கிக்கொள்ளும். சுத்தியலால் தட்டினால் கெட்டி மரம் கணீரென்கும், உள்ளே போனது தொம்மென்று கேட்கும். ஆனால் உண்மை தெரிய வேண்டுமென்றால் வழி ஒன்றுதான்: வெடிப்பைத் தாண்டி ஒரு சாண் உள்ளே தள்ளி முனையை அறுத்துப் பார்ப்பது. வாகையில் அறுத்த முகத்தைப் பார்த்ததும் அப்பா நினைவு வந்துவிட்டது. வெளியே வெளிறு, அதாவது பட்டையை ஒட்டிய வெளுத்த மரம், முழுக்க நைந்து துளை விழுந்திருக்க, உள்ளே கரும்பழுப்பாக வைரம் அப்படியே நிற்கிறது.

வெளிறு எந்த மரத்திலும் நிற்காது, தேக்காக இருந்தாலும் சரி. உயிரோடு இருக்கும்போது நீரையும் மாவுச்சத்தையும் சுமக்கிற பகுதி அது, பூச்சிக்கும் பூஞ்சைக்கும் விருந்து. அந்தச் செல்கள் செத்து, மரம் தன் கசப்பையும் பிசினையும் அதில் அடைத்து வைக்கும்போதுதான் வைரம் உண்டாகிறது. உள்ளே வைரம் இருந்தால் மரம், வெளியே வைரம் இருந்தால் புல் என்று பழந்தமிழ் இலக்கணம் பிரித்திருக்கிறது, அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் புல். பள்ளியில் மதிப்பெண்ணுக்காகப் படித்தது, தடி முன்னால் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. பெரும்பாலான மாமரத்தில் வைரமும் வெளிறும் பிரித்துக்கூடத் தெரியாது, அதனால் என் மூன்று மாந்தடியும் ஒன்றுபோல் கெட ஆரம்பித்திருந்தன.

மரம் அழுகப் பூஞ்சைக்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். 20 சதவீதத்துக்குக் கீழே காய்ந்தால் அழுகாது, நீரில் முழுசாக மூழ்கினால் காற்றில்லாமல் அதுவும் சுலபத்தில் நடக்காது. 1628-ல் ஸ்டாக்ஹோமில் மூழ்கிய வாசா என்ற ஓக் கப்பலை 1961-ல் தூக்கியபோது ஏறக்குறைய முழுசாகவே கிடைத்தது (அந்தக் கடலில் கப்பல்புழு கிடையாது என்பதும் ஒரு காரணம்). 333 வருடம் தண்ணீர் காப்பாற்றியதை, வெளியே எடுத்த பிறகு சுருங்கி வெடிக்காமல் காப்பாற்ற 17 வருடம் பாலிஎதிலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளின் கரைசலைத் தெளிக்க வேண்டியிருந்தது. நம் தடிகள் கிடப்பது இரண்டுக்கும் நடுவில், பூஞ்சைக்குப் பிடித்தமான பாதி ஈரத்தில். மண்ணைத் தொட்டுக்கொண்டிருந்த பக்கம் ஏழு தடியிலும் பஞ்சு. அடியில் இரண்டு கட்டையைக் கொடுத்துத் தூக்கி வைத்திருந்தாலே இவ்வளவு போயிருக்காது.

இனி ஒவ்வொன்றாக. வாகையில் இரண்டு நேரான அடிமரத் தடி, வைரமே ஒரு முழத்துக்கு மேல். அவை மில்லுக்குப் போயின. மூன்றாவதும் நல்ல தடிதான், ஆனால் முனையில் கருநீலமாக ஒரு கறை. தச்சு வேலை செய்யும் நண்பர் பார்த்ததும் "அண்ணே, உள்ளே ஆணி இருக்கு" என்றார். மரத்தின் துவர்ப்புச் சத்தோடு இரும்பு சேர்ந்தால் அந்த நிறம் வருமாம். துணிக்கொடி கட்ட எப்போதோ நாங்களே அடித்த ஆணி, மரம் அதை விழுங்கி வளர்ந்துவிட்டது. ஆணி இருக்கிற தடியை மில்லில் தொட மாட்டார்கள், பிளேடு போனால் யார் பொறுப்பு என்கிறார்கள், நியாயம்தான். அதை ஆப்பு வைத்துப் பிளந்தோம். பிளந்த மரம் நார் போகிற போக்கில் பிளப்பதால் கோடாரிக்கும் மண்வெட்டிக்கும் பிடி போட அதைவிட நல்லது இல்லை, ரம்பத்தில் அறுத்ததில் நார் குறுக்கே வெட்டுப்பட்டிருக்கும்.

நான்காவது வாகை, சாய்ந்த பெரிய கிளை. பார்க்க அழகான தடி, ஏமாற வேண்டாம். கிளை தன் எடையைத் தாங்க மேல்பக்கத்தில் இழுவிசையோடு ஒருவித மரத்தை வளர்த்துக்கொள்கிறது, அறுத்த நிமிடத்திலேயே பலகை வில்லாக வளையும். அது விறகு. வைரம் பாய்ந்ததை எரிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: எரிக்கலாம். எடைக்கு எடை பார்த்தால் மரத்துக்கு மரம் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது, கனமான மரம் குறைந்த இடத்தில் அதிக எடை வைத்திருக்கிறது, அவ்வளவுதான். பிளந்து, 20 சதவீதத்துக்குக் கீழே காயவைத்து எரிக்க வேண்டும், இல்லாவிட்டால் வெப்பத்தில் ஒரு பங்கு தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும், புகையும் அதிகம்.

மாவில் ஒன்றும் விறகுக்குப் போனது. இரண்டாவதை அறுத்தபோது உள்ளே கறுப்பு மையில் வரைந்தது போலக் கோடுகள், வரைபடத்தில் நாட்டெல்லை மாதிரி. உண்மையிலேயே எல்லைதான், வெவ்வேறு பூஞ்சைகள் ஒன்றையொன்று வரவிடாமல் கட்டிக்கொள்ளும் வேலி. இந்த மாதிரி மரத்தில் கடைந்த கிண்ணங்கள் கொள்ளை அழகு. ஆனால் பக்குவம் கொஞ்சம் தாண்டினாலும் உளி பட்ட இடம் பிய்ந்து வரும், எனக்கு இரண்டு கிண்ணம் அளவுக்குத்தான் தேறியது. முகமூடி இல்லாமல் அதன் பக்கம் போகாதீர்கள். பூஞ்சையை விடுங்கள், வெறும் மரத்தூளையே சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. வாகைத் தூள் வேறு தும்மலாக வந்து கொல்லும், இரண்டு நாள் அனுபவித்தேன்.

காளான் யோசனை பழைய தடிக்கு ஆகாது. அதற்குப் புதிதாக வெட்டிய மரம் வேண்டும், இதில் ஏற்கெனவே வேறு பூஞ்சைகள் குடித்தனம் நடத்துகின்றன.

மூன்றாவது மாந்தடியை உருட்டிப் போய்த் தோட்டத்துக் கடைசியில், வீட்டுச் சுவருக்குக் கரையான் பாலம் போட முடியாத தூரத்தில், போட்டுவிட்டேன். இதற்குத்தான் அதிகம் திட்டு வாங்கினேன், சோம்பேறித்தனம் என்றார்கள். இருக்கட்டும். பின்லாந்துக் காடுகளில் உள்ள உயிரினங்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்று செத்த மரத்தை நம்பித்தான் வாழ்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். என் தோட்டம் காடில்லை, ஆனாலும் அந்தத் தடியைப் புரட்டிய அன்று அடியில் விரல் மொத்தத்துக்கு வெள்ளைப் புழுக்கள், மரவட்டை, ஒரு அரணை. அத்தனை பேர் குடியிருக்கிற வீட்டை மேசைக் கனவுக்காக இடிக்க எனக்கு மனசில்லை, அதில் மேசையும் வராது.

மில்லிலிருந்து வந்த வாகைப் பலகைகள் இப்போது தாழ்வாரத்தில் இருக்கின்றன. நடுச் சோறு, அதாவது மரத்தின் நட்ட நடுவில் இருக்கிற மென்மையான பகுதி, இருந்த பலகையைத் தனியே ஒதுக்கிவிட்டேன், அது எப்படியும் பிளக்கும். வெளிறையும் முழுக்கச் சீவச் சொன்னேன், மாவுச்சத்தைத் தேடி வருகிற பொடிவண்டு பிறகு வைரத்துப் பக்கம் வராது. ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ஒரே கனத்தில் குச்சிகள், மேலும் கீழும் ஒரே நேர்கோட்டில், இரண்டு அடிக்கு ஒன்று. உச்சியில் கல் பாரம். வெயில் படாது, காற்று போகும். ஓர் அங்குலக் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய தோராயக் கணக்கு, என் பலகைகள் இரண்டு அங்குலம். அதை நம்பி உட்கார்ந்திருக்காமல் ஒரு சின்னத் துண்டை மாதாமாதம் தராசில் வைத்து, பலகை மேலேயே சாக்பீஸால் தேதியும் எடையும் எழுதி வருகிறேன். எடை குறைவது நின்றதும் நண்பரைக் கூப்பிட வேண்டும். மேசை வருமா என்றால், பலகைகளின் நீளத்தைப் பார்த்துவிட்டு "ஒரு பெஞ்சுக்குத் தாராளம் அண்ணே" என்கிறார்.