பெரிய கோயில் விமான நிழல் தரையில் விழும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் (கருவறைக்கு மேலே எழும் கோபுரம்) நிழல் தரையில் விழாது என்று பலர் சொல்வதுண்டு. மன்னிக்கவும், விழுகிறது. காலையில் மேற்குப் பிராகாரத்திலும், மாலையில் கிழக்கே நந்தி இருக்கும் பக்கமும் நீளமாகக் கிடக்கும்.

அடித்தளம் சுமார் 100 அடி அகலம், உயரம் 200 அடிக்கு மேல். ஏப்ரல், ஆகஸ்ட் உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய தலைக்கு நேரே நிற்பதால் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே ஒடுங்கிவிடும். அந்த நேரத்தில் பார்த்தவர்கள் கிளப்பிய பேச்சாக இருக்கலாம்.

டிசம்பர் கடைசியில் பகல் 12.10 வாக்கில் வடக்குப் பக்கம் போய் நில்லுங்கள். சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் அடித்தளத்தைத் தாண்டி 80 அடிக்கு மேல் நிழல் நீண்டிருக்கும். கல் தரை சுடும் (அதுவும் நிழலுக்கு வெளியேதான்).