சோராவர் சிங்கின் வீரர்கள் ஒருவர்கூடத் திரும்பவில்லையா?

1841 டிசம்பரில், மேற்குத் திபெத்தின்மேல் படையெடுத்துப் போன ஜம்மு தளபதி சோராவர் சிங் வீழ்ந்ததும் அவருடைய டோக்ரா (ஜம்மு பகுதி மக்கள்) படையில் பிடிபட்ட எல்லோரையும் கொன்றுவிட்டார்கள், ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. பாதிதான் சரி.

சோராவர் சிங் 12ஆம் தேதி தக்லாகோட் அருகே போரில் இறந்தது உண்மை. படை சிதறியதும் உண்மை. துப்பாக்கிக் கட்டைகளையே எரித்துக் குளிர்காய்ந்த படை அது. திபெத்தியரின் ஆயுதத்தைவிடக் குளிர்தான் அதிகம் வாட்டியது. ஆனால் தக்லாகோட்டில் இருந்த டோக்ரா அதிகாரி பஸ்தி ராமும் அவருடன் சிலரும் மலை தாண்டி, ஆங்கிலேயர் வசம் இருந்த அல்மோரா பக்கம் தப்பிவிட்டார்கள். பிடிபட்டவர்களில் பலர் திபெத்துக்குள் கொண்டுசெல்லப்பட்டார்கள்.

1842 செப்டம்பரில் லடாக்கில் சமாதானம் ஆனது. அப்புறமும் பலர் திபெத்திலேயே இருந்தார்கள். எப்படித் தெரியும் என்றால், 1856இல் நேபாளமும் திபெத்தும் செய்த தாபாதலி ஒப்பந்தத்தில், திபெத்திடம் உள்ள 'சீக்கிய' போர்க்கைதிகளை நேபாளத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்று தனி ஷரத்தே இருக்கிறது. 1841இல் போர் நடந்தபோது ஜம்மு லாகூர் சீக்கிய அரசின் கீழ் இருந்ததால் டோக்ராக்களுக்கும் அந்தப் பெயர். செத்தவர்களை விடுவிக்க யாரும் ஷரத்து எழுதமாட்டார்கள்! பதினான்கு வருடத்துக்குப் பின் சிலர் நேபாளம் வழியாக ஊர் வந்தார்கள். அங்கேயே கல்யாணம் செய்து குடும்பமாகிவிட்ட சிலர் வர மறுத்துவிட்டார்கள்.