அவள் கேட்டது பகல் ஷிஃப்ட்

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கு ஒரே வரி: பைபோலார் (உற்சாகமும் சோர்வும் எல்லை மீறி மாறி மாறி வரும் மனநோய்) உள்ள ஒரு பெண் ஆபீசில் பகல் ஷிஃப்ட் கேட்டாள், வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஹெச்.ஆர். அனுப்பிய பதிலில் என்னை உறுத்துவது ஒரே வரி: "முழுமையாகக் குணமடைந்த பிறகு தொடர்புகொள்ளவும்."

முழுமையாகவாம்! சர்க்கரை உள்ளவரிடம் இப்படிச் சொல்வார்களா? மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் பேன்ட்ரியில் சட்டையைத் தூக்கி இன்சுலின் போட்டுக்கொள்ளும் அண்ணனை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லையே.

அவள் கேட்டது பகல் ஷிஃப்ட். சம்பளத்தைக் கூட்டச் சொல்லவில்லை, டார்கெட்டைக் குறைக்கச் சொல்லவில்லை. பைபோலார் உள்ளவருக்கு ராத்தூக்கம் கெட்டால் மேனியா, அதாவது அந்தக் கட்டுமீறிய உற்சாகம், கிளம்பிவிடலாம். டாக்டர் சீட்டோடுதான் போயிருக்கிறாள்.

எனக்கு ஏன் இவ்வளவு எரிகிறது என்றால், நானும் ஒன்பது வருடமாக, மனநிலையைச் சமமாக வைக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவன். (இங்கே முதல்முறையாக எழுதுகிறேன். அம்மா, பார்த்தால் உடனே போன் பண்ணாதே.) மூன்று ஆபீசிலும் மாத்திரையைக் கால்சியம் டப்பாவில் போட்டுத்தான் மேசையில் வைத்திருந்தேன். அந்த மாத்திரையால் கை லேசாக நடுங்கும். டீயை முக்கால் டம்ளர்தான் வாங்குவேன். "என்ன, நேத்து நைட்டு ஜாஸ்தியா?" என்று சிரித்தவர்களோடு நானும் சிரித்திருக்கிறேன். குடிகாரன் என்று நினைத்தால் வேலை போகாது, பாருங்கள்.

ஒரே ஒரு மேலாளர் மட்டும் வேறு மாதிரி. லித்தியம் அளவு பார்க்க, ராத்திரி மாத்திரை போட்டுப் 12 மணி நேரம் கழித்து ரத்தம் கொடுக்க வேண்டும். அந்த நாட்களில் பதினொரு மணிக்கு வந்தால் போதும் என்றார். என்ன ஏது என்று கிளறவில்லை. அவரிடம்தான் அதிக வருடம் வேலை பார்த்தேன்.

"அப்புறம் எல்லாரும் சீட்டு வாங்கிக்கொண்டு வருவார்களே?" வரட்டும் சார். மனநல டாக்டர் சீட்டை ஆபீசில் நீட்ட இந்த ஊரில் யாருக்கு அவ்வளவு ஆசை? "அவளுடைய நைட் ஷிஃப்டை யார் பார்ப்பது?" சரி, இது நியாயமான கேள்வி. நிறுவனம் ஆள் போடட்டும்.

சட்டம் கேட்பவர்களுக்கு: 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் மனநோயும் இருக்கிறது. 2021 டிசம்பரில் மனநோய் உள்ள ஒரு சி.ஆர்.பி.எஃப். அதிகாரி மீதான ஒழுங்கு நடவடிக்கையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது; இந்த வேலைக்குப் பொருந்தாவிட்டால் சம்பளம் குறையாமல் வேறு வேலை கொடு என்றது. துணை ராணுவத்துக்கே அப்படி. இவள் உட்கார்ந்திருந்தது கம்ப்யூட்டர் முன்னால். ஆமாம், அந்தப் பாதுகாப்பு அரசு வேலைக்குத்தான் கெட்டி. தனியார் நிறுவனம் ஒரு சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். வெளியிடுவார்கள், பூப்படம் போட்டு. அக்டோபர் 10, உலக மனநல நாள் வந்தால் பச்சை ரிப்பன் குத்தி செல்ஃபியும் உண்டு.

ஸ்க்ரீன்ஷாட்டுக்குக் கீழே அழுகிற எமோஜி போட்டிருக்கும் நண்பா, போன வாரம் நம் குரூப்பில் "அவன் கீழ்ப்பாக்கம் கேஸு" என்று எழுதியது நீதான். 1794இல் ஆரம்பித்த மனநல ஆஸ்பத்திரி, இன்னும் உங்களுக்கு வசவுச் சொல். அங்கே ஓ.பி. வரிசையில் சீட்டைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றிருக்கிறேன்டா.

அந்த ஜோக்குக்கு விழுந்த சிரிப்பு எமோஜிகளில் ஒன்று என்னுடையது.