உங்கள் பிளட் குரூப்புக்கும் உங்கள் தட்டுக்கும் சம்பந்தம் இல்லை

கடலூரிலும் புதுச்சேரியிலும் இப்போது எடை குறைக்கப் போகிறவர்களிடம் முதலில் கேட்பது, "உங்க பிளட் குரூப் என்ன?" என்பதுதான். ஓ என்றால் ஒரு டயட் சார்ட், ஏ என்றால் வேறு சார்ட். வாட்ஸ்அப்பில் சுற்றுகிற படங்கள் போக, காசு வாங்கிக்கொண்டு லேமினேட் செய்து கொடுக்கிற இடங்களும் வந்துவிட்டன. நான் பல வருடங்களாக ரத்த வங்கியில் வேலை பார்க்கிற லேப் டெக்னீஷியன். தினமும் குரூப் பார்ப்பதுதான் என் வேலை. அதனால் உறவுக்காரர்கள், தெருவில் இருப்பவர்கள், கூடப் படித்தவர்கள் எல்லாரும் என்னிடம்தான் கேட்கிறார்கள்: "நெஜமாவே இது வேலை செய்யுதா?" ஆளுக்கு ஆள் போனில் சொல்வதைவிட இங்கே விரிவாக எழுதிவிடுகிறேன்.

இந்தச் சார்ட்டைப் பின்பற்றி எடை குறைந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் எடை குறைந்ததற்கு அவர்களுடைய ரத்த வகை காரணம் இல்லை. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காததால்தான் இத்தனை குழப்பமும்.

இந்த முறை அமெரிக்காவிலிருந்து வந்தது. பீட்டர் டி'அடமோ என்ற இயற்கை மருத்துவர் 1996-ல் எழுதிய புத்தகத்தால் உலகம் முழுக்கப் பரவியது. அவருக்கு முன்பே அவருடைய அப்பாவும் இதே கருத்தைச் சொல்லி வந்தவர். அவர்கள் சொல்லும் கதை இதுதான்: மனிதர்களில் முதலில் இருந்தது ஓ வகை, அவர்கள் வேட்டையாடிகள், ஆகவே ஓ வகைக்காரர்கள் இறைச்சி நிறையச் சாப்பிட வேண்டும், கோதுமையும் பாலும் ஆகாது. விவசாயம் வந்தபோது ஏ வகை தோன்றியது, அவர்களுக்குச் சைவம். ஆடுமாடு மேய்த்து அலைந்தவர்களிடம் பி வகை வந்தது, அவர்களுக்குப் பால் ஒத்துக்கொள்ளும், கோழி ஒத்துக்கொள்ளாது. ஏபி கடைசியாக வந்தது, அவர்களுக்கு இரண்டிலும் கொஞ்சம் கொஞ்சம்.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அடிப்படையிலேயே தப்பு. ஏ, பி என்ற வேறுபாடு கிப்பன் குரங்குகளிடமும் இருக்கிறது. குறைந்தது இரண்டு கோடி ஆண்டுகளாக இந்த வேறுபாடு தொடர்ந்து வருகிறது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. மனிதன் ஏர் பிடித்தது சுமார் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். அப்புறம், ஓ வகை என்பது பெரும்பாலும் ஏ வகை மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டுப் போனதால் வந்தது. விடுபட்டது முதலில் வந்ததாகவும், முழுசாக இருப்பது பின்னால் வந்ததாகவும் எப்படிச் சொல்ல முடியும்?

இன்னொன்று. மத்திய, தென் அமெரிக்கப் பூர்வகுடிகளில் கிட்டத்தட்ட எல்லாருமே ஓ வகை. மக்காச்சோளத்தைப் பயிராக்கி உலகத்துக்குக் கொடுத்ததே அந்தக் கண்டத்து மக்கள்தான். ராஜ்மாவும் அங்கிருந்து வந்ததுதான். ஆயிரக்கணக்கான வருடங்கள் அவர்கள் வயிறு நிறைந்தது இவற்றால். ஓ வகைச் சார்ட்டை எடுத்துப் பாருங்கள். மக்காச்சோளம், ராஜ்மா இரண்டும் 'தவிர்க்க வேண்டியவை' பட்டியலில் இருக்கும்.

சரி, ரத்த வகை என்றால் உண்மையில் என்ன? சிவப்பணுவின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கிற சர்க்கரை மூலக்கூறுகள்தான். ஏ வகைக்கும் பி வகைக்கும் நுனியில் இருக்கிற ஒரே ஒரு சர்க்கரை வித்தியாசம். ஓ வகையில் அந்த நுனிச் சர்க்கரை இல்லை. 1901-ல் வியன்னாவில் கார்ல் லேண்ட்ஸ்டெய்னர் மனித ரத்தத்தில் வகைகள் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னார், 1930-ல் அதற்கு நோபல் பரிசு வாங்கினார். அதற்கு முன்பு ஒருவர் ரத்தத்தை இன்னொருவருக்கு ஏற்றினால் பிழைப்பாரா, சாவாரா என்று முன்கூட்டித் தெரியாது. எத்தனை கோடி உயிரைக் காப்பாற்றிய கண்டுபிடிப்பு! அதை இட்லியா தோசையா என்று முடிவு செய்யப் பயன்படுத்துவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே மனசு கஷ்டமாக இருக்கிறது.

ரத்த வகைக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. காலரா வந்தால் ஓ வகைக்காரர்களைக் கடுமையாகத் தாக்கும். மலேரியா முற்றுவதிலிருந்து அதே ஓ வகை ஓரளவு காப்பாற்றும். கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து மற்ற வகைக்காரர்களுக்கு ஓ வகையைவிடக் கொஞ்சம் அதிகம். இதெல்லாம் நிறையப் பேரை வைத்துப் பார்த்த ஆய்வுகளில் வந்தவை. இவற்றில் எதுவும் துவரம்பருப்பைப் பற்றியது இல்லை.

இப்போது அவர்கள் கையில் இருக்கிற பலமான சீட்டுக்கு வருகிறேன். அதன் பெயர் லெக்டின். தானியங்களிலும் பருப்புகளிலும் இருக்கிற ஒரு வகைப் புரதம் இது. தப்பான உணவைச் சாப்பிட்டால் அதிலுள்ள லெக்டின் உங்கள் ரத்த வகையோடு மோதி, சிவப்பணுக்களைக் கட்டி சேர்த்துவிடும் என்கிறார்கள். இது முழுக்கக் கற்பனை இல்லை, அதனால்தான் நின்று பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் லேபில் ஏ வகையை ஏ1, ஏ2 என்று பிரித்துப் பார்க்க ஒரு சிறு பாட்டில் வைத்திருப்போம். ஆன்டி ஏ1 லெக்டின். அதை எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? கொள்ளிலிருந்து. டோலிகஸ் பைஃப்ளோரஸ் என்று தாவரப் பெயரை லேபிளில் போட்டிருப்பார்கள், ஆனால் நம் வீட்டில் ரசம் வைக்கிற அதே கொள்ளுதான். பச்சைக் கொள்ளிலிருந்து எடுத்த அந்தச் சாறு ஒரு சொட்டு ஏ1 ரத்தத்தில் பட்டால், சிவப்பணுக்கள் கண்ணெதிரே திட்டுத்திட்டாகத் திரளும். பி ரத்தத்திலும் ஓ ரத்தத்திலும் ஒன்றும் ஆகாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்து நான் வாயைப் பிளந்து நின்றேன். கொள்ளு மூட்டையைத் தினம் கடந்து போகிற ஊரில் வளர்ந்தவள், அதற்குள் இப்படி ஒரு சக்தி இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

அப்படியானால் ஏ வகைக்காரர் கொள்ளு ரசம் குடிக்கலாமா? தாராளமாகக் குடிக்கலாம். கண்ணாடித் தகட்டில் நடப்பது வயிற்றில் நடப்பதில்லை. நாம் பச்சைக் கொள்ளின் சாற்றை ஊசியால் ரத்தத்தில் ஏற்றிக்கொள்வதில்லை. ஊறவைத்து, குக்கரில் வேகவைத்துச் சாப்பிடுகிறோம். கொதிக்கிற சூட்டிலேயே பருப்பு வகை லெக்டின்கள் பெரும்பாலும் செயலிழந்துவிடும், குக்கருக்குள் சூடு அதைவிட அதிகம். மிச்சம் மீதி இருந்தாலும் குடல் சுவரைத் தாண்டி, ரத்தத்தைத் திரள வைக்கும் அளவுக்குப் போவதில்லை. போயிருந்தால் ஏ வகைக்காரர்கள் கொள்ளுத் துவையல் சாப்பிட்ட அன்றே ஆஸ்பத்திரியில் கிடக்க வேண்டும். "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று சொல்லி வைத்தவர்கள் ஏ வகைக்காரனைப் பந்தியிலிருந்து எழுப்பிவிடவில்லை.

இன்னும் ஒரு விஷயம், நாம் சாப்பிடுகிற பெரும்பாலான லெக்டின்கள் ரத்த வகை பார்ப்பதே இல்லை. வேகாத ராஜ்மாவைச் சாப்பிட்டால் வாந்தியும் பேதியும் வரும். ஏ, பி, ஓ, ஏபி எல்லாருக்கும் வரும். நன்றாக வெந்திருந்தால் யாருக்கும் வராது.

அப்புறம் ஏன் எடை குறைகிறது? நான்கு சார்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நான்கிலுமே மைதா குறையும், இனிப்பு குறையும், பாக்கெட் தீனி போய்விடும், காய்கறி கூடும். தினமும் பரோட்டாவும், நாலு வேளை சர்க்கரை போட்ட டீயும், சாயந்திரம் பஜ்ஜியுமாக இருந்தவர் இதையெல்லாம் நிறுத்தினால் எடை குறையத்தான் செய்யும். அவர் எந்தக் குரூப்பாக இருந்தால் என்ன?

இதை டொராண்டோ பல்கலைக்கழகத்தில் நேரடியாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2014-ல் வெளிவந்த ஆய்வு, 1455 பேர். ஒவ்வொருவரும் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்டு, அது நான்கு சார்ட்டில் எதற்கு எவ்வளவு நெருக்கம் என்று மதிப்பெண் போட்டார்கள். ரத்த வகையையும் மரபணு மூலம் பார்த்தார்கள். ஏ வகைச் சார்ட்டுக்கு நெருக்கமாகச் சாப்பிட்டவர்களுக்கு இடுப்பளவு, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் குறைவாக இருந்தன. ஓ வகைச் சார்ட்டுக்கு நெருக்கமாகச் சாப்பிட்டவர்களுக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு குறைவு. ஆனால் ஏ சார்ட்டின் பலன் ஏ வகைக்காரருக்கும் கிடைத்தது, பி வகைக்காரருக்கும் கிடைத்தது, ஓ வகைக்காரருக்கும் கிடைத்தது. ரத்த வகையோடு பொருந்தியதால் பலன் கூடவும் இல்லை, பொருந்தாததால் குறையவும் இல்லை. அதே குழு பிறகு அதிக எடை உள்ளவர்களை மட்டும் வைத்துப் பார்த்து 2018-ல் வெளியிட்ட ஆய்விலும் இதேதான் வந்தது. அமெரிக்காவில் 16 வாரம் கொழுப்பு குறைந்த முழுச் சைவ உணவு கொடுத்துப் பார்த்தபோதும் ஏ வகைக்காரர்களுக்கென்று தனியாக ஒரு லாபமும் இல்லை. இதற்கெல்லாம் முன்னால், 2013-லேயே பெல்ஜியம் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆய்வாளர்கள் அதுவரை வெளிவந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகளைச் சலித்துப் பார்த்து, இந்த உணவுமுறை பலன் தருகிறது என்பதற்கு ஆதாரம் ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டார்கள். ரத்தத்தோடு வாழ்கிறவர்கள் அவர்கள். ரத்தத்துக்குப் பெருமை சேர்க்கிற ஒரு முடிவு வந்திருந்தால் மறைத்திருக்க மாட்டார்கள்.

"சரி, பலன் இல்லாவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே" என்று கேட்பவர்களுக்கு என் பெரியப்பா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

பெரியப்பா கடலூர் முதுநகரில் இருக்கிறார். ஓ பாசிட்டிவ். நீண்ட காலமாகச் சுகர், சிறுநீரில் லேசாகப் புரதம் போக ஆரம்பித்திருந்தது. ஓர் ஆலோசனை மையத்தில் அவருக்குச் சார்ட் கொடுத்தார்கள்: காலையும் இரவும் இறைச்சி, பருப்பு கூடாது, பால் கூடாது, சப்பாத்தி கூடாது. சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. குரூப் மட்டும் கேட்டார்கள். சுகரால் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவருக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.8 கிராம் புரதம் போதும் என்பதுதான் மருத்துவர்கள் பின்பற்றுகிற அளவு. பெரியப்பா ஆட்டுக்கறியும் கோழியுமாக அதைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். அடுத்த ரத்தப் பரிசோதனையில், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. சிறுநீரக மருத்துவர் சார்ட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, கோபத்தை அடக்கிக்கொண்டு, "இதை யார் கொடுத்தது?" என்று கேட்டார். பெரியப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

அதே வீட்டில் பெரியம்மா பி வகை. அவருக்குக் கொடுத்த சார்ட்டில் தக்காளி கூடாது, வேர்க்கடலை, எள் கூடாது, கோழி கூடாது, இறால், நண்டு கூடாது. துறைமுகத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கிற பெண்ணுக்கு இறால் கூடாதாம்! மருமகளுக்கு ஏ, அவளுக்குக் கறி கூடாது. இத்தனைக்கும் அந்த வீட்டில் இருப்பது ஓர் அடுப்படி, அதில் நிற்பது ஒரு பெரியம்மா. அவருக்குத் தக்காளி இல்லாத ரசம், புருஷனுக்குக் கறி, மருமகளுக்குத் தனியாகக் காய். மூன்று பேருக்கும் ஆக்கிப் போட்டுவிட்டு மிஞ்சியதை அவர் சாப்பிட்டார். இந்தச் சார்ட்டை எழுதுகிறவர்களுக்கு யார் சமைக்கிறார்கள் என்ற யோசனையே இல்லை. அப்பா ஏ, அம்மா பி என்றால் பிள்ளைகளுக்கு நான்கு வகையில் எதுவும் வரலாம். ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்கு நாலு உலை வைக்கச் சொல்கிற முறை இது.

சார்ட்டுக்குச் சார்ட் ஒத்துப்போவதும் இல்லை. பெரியப்பாவின் சார்ட்டில் கேழ்வரகு நல்லது, எங்கள் தெருவில் ஒருவர் வைத்திருக்கும் ஓ வகைச் சார்ட்டில் அதே கேழ்வரகு ஆகாது. கம்பையும் முருங்கைக்கீரையையும் பற்றி அவரவர் வாய்க்கு வந்ததை எழுதி நிரப்பிக்கொள்கிறார்கள்.

1952-ல் மும்பையில் பெண்டே என்ற மருத்துவரின் குழு கண்டறிந்த பாம்பே குரூப் என்று ஒன்று இருக்கிறது. சாதாரணப் பரிசோதனையில் ஓ போலவே காட்டும், ஆனால் அவர்களுக்கு ஓ ரத்தம் ஏற்றினால் உயிருக்கே ஆபத்து. எங்களுக்கு அது பெரிய விஷயம், தேடி அலைவோம். இந்தச் சார்ட்டுகளில் நான் பார்த்தவரை எதிலும் அந்தப் பெயரே இல்லை.

வடலூர் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. வள்ளலார் 1867-ல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் அடுப்பு எரிகிறது, பசியோடு வருகிற எல்லாருக்கும் ஒரே சோறு. தலைமுறை தலைமுறையாகக் கறியைத் தொடாத சன்மார்க்கக் குடும்பங்களிலிருந்தும் ரத்த தானம் செய்ய வருகிறார்கள். அவர்களில் எத்தனையோ பேர் ஓ வகை. தேவனாம்பட்டினத்திலிருந்து, மீன் இல்லாமல் ஒரு வேளை சாப்பிடாதவர்கள் வருகிறார்கள், அவர்களில் ஏ வகைக்காரர்கள் உண்டு. இரண்டு பக்கமும் கையை நீட்டி ரத்தம் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2023-ல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) ஆய்வில், புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம். நாலு பேரில் ஒருவர்! நமக்கு உண்மையான பிரச்சினை தட்டில் இருக்கிறது. சோற்றுக் குன்றும் அதன் ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியலும். அதை மாற்ற வேண்டியது எல்லா வகைக்காரருக்கும் ஒன்றுதான்: சோற்றைக் குறைப்பது, பருப்பு, பயறு, மீன், முட்டை, காய் ஆகியவற்றைக் கூட்டுவது, நடப்பது. சிறுநீரகக் கோளாறு இருந்தால் புரத அளவு மாறும், அதை மருத்துவர் சொல்வார். சோற்றைக் குறைக்க வேண்டிய ஊரில் பருப்பை நிறுத்தச் சொன்னால், விலை கட்டுப்படியாகிற புரதத்துக்கு ஒரு ஏழைக் குடும்பம் எங்கே போகும்?

ஏற்கெனவே சார்ட் வாங்கியிருக்கிறவர்கள் தூக்கி எறிய வேண்டாம். அதையும், கடைசியாக எடுத்த எச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி), கிரியேட்டினின், சிறுநீர் ஆல்புமின் ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு உங்களுக்கு மருந்து எழுதுகிற மருத்துவரிடம் போங்கள். அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சுகர், பிபி இலவசமாகவே பார்க்கிறார்கள். தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். சார்ட்டில் மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால் மட்டும் நாளைக்கு என்று தள்ளிப்போடாதீர்கள், இன்றைக்கே போய்க் கேளுங்கள். பெரியப்பா இப்போது பழையபடி அளவாகச் சாம்பார் ஊற்றிச் சாப்பிடுகிறார், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்க்கிறோம்.